மலை ஏறும் செலவு யார் தலையில்? டெலிவரி செயலிகளும் மலையகமும்

கொழும்பில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இரவுச் சாப்பாட்டுக்குப் போனில் ஓர்டர் போட்டால், பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நிற்கிற பையனிடம் ஊர் எது என்று கேட்டுப் பாருங்கள். ஹட்டன், பொகவந்தலாவை, மஸ்கெலியா, பசறை என்று பதில் வருவது சாதாரணம். தலைநகரின் கடைகளிலும் ஹோட்டல்களிலும் தலைமுறை தலைமுறையாக உழைத்துவரும் மலையகப் பிள்ளைகளில் ஒரு பகுதியினர் இப்போது டெலிவரி மோட்டார் சைக்கிளில் ஏறியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளை தீபாவளிக்கு ஊருக்குப் போகமுடியாமல், அதே செயலியில் தோட்டத்திலிருக்கும் அம்மாவுக்கு ஒரு சாப்பாட்டுப் பார்சல் அனுப்ப நினைத்தால், அது நடக்காது. அவன் பிறந்த லயம், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு, செயலியின் சேவை எல்லைக்கு வெளியே கிடக்கிறது.

சனம் குறைவான இடம், அதனால் கம்பனிகள் வருவதில்லை என்று இதற்கு வழக்கமாக ஒரு காரணம் சொல்வார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 2012 குடிசன மதிப்பீட்டின்படி நுவரெலியா மாவட்டத்தில் 7 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். சதுர கிலோமீற்றருக்கு 400 பேருக்கும் மேல். நாட்டின் சராசரியைவிட இது அதிகம். சனம் நெருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நெருக்கத்தை மலை துண்டு துண்டாக வெட்டி வைத்திருக்கிறது. எதிர்ப்பக்க மலையில் தெரிகிற லயத்துக்குக் குரல் கொடுத்தால் கேட்கும். ஆட்டோவில் போனால் பள்ளத்தில் இறங்கி, ஆற்றைக் கடந்து, கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றி ஏறவேண்டும். டெலிவரி செயலிகளின் தொழில் முழுக்க நிற்பது நெருக்கத்தின்மேல் என்பதால், மலையகத்தில் அவை எப்படி வரும், யாருக்கு வரும், யார் செலவில் வரும் என்ற கேள்வியை இங்கிருந்துதான் தொடங்கவேண்டும்.

இந்தத் தொழிலில் காசு எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். கடைக்காரரிடமிருந்து தரகு, வாங்குபவரிடமிருந்து டெலிவரிக் கட்டணம், அதற்குமேல் சின்னச் சின்ன சேவைக் கட்டணங்கள், கடைகள் செயலிக்குள்ளே கொடுக்கும் விளம்பரம். உலகின் பல நாடுகளில் சாப்பாட்டு டெலிவரித் தரகு 15 முதல் 30 சதவீதம் வரை போகிறது. கணக்குக்காக ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். 1500 ரூபா ஓர்டர், 25 சதவீதத் தரகு என்றால் 375 ரூபா. டெலிவரிக் கட்டணம் 200 என்றால் மொத்தம் 575. ரைடருக்குக் கொடுப்பது, தள்ளுபடிகள், வங்கி காட் கட்டணம், புகார் கேட்கும் ஆட்களின் சம்பளம் எல்லாம் இதற்குள்தான். கொழும்பில் ஒரு ரைடர் மணிக்கு மூன்று ஓர்டர் முடித்தால், அவருக்கு ஓர்டருக்கு 200 கொடுத்தாலும் மணிக்கு 600 கிடைத்துவிடும். தலவாக்கலையிலிருந்து ஒரு தோட்டத்தின் மேல் டிவிஷனுக்கு (தோட்டப் பிரிவுக்கு) ஏறி இறங்கவே ஒரு மணித்தியாலம் ஆகிவிட்டால், அதே 600 ரூபாவை ஒரே ஓர்டரிலிருந்து எடுக்கவேண்டும். 575க்குள் அது அடங்காது. செயலியில் எத்தனை நல்ல பொறியியலாளர்கள் இருந்தாலும் இந்தக் கழித்தல் கணக்கு மாறப்போவதில்லை.

அப்படியென்றால் அந்த மீதிச் செலவை யாராவது ஏற்கவேண்டும். வாங்குபவர் ஏற்கலாம்; ஆனால் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாவாகவும் 2024இல் 1350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டதை நினைத்துப் பாருங்கள். ஒரு பார்சலைக் கொண்டுவந்து கொடுப்பதற்கு அரைநாள் கூலியா? கம்பனி ஏற்கலாம்; முதலீட்டாளர் காசு இருக்கும்வரை. இரண்டும் இல்லையென்றால் ரைடர் ஏற்பார், அதுவும் அவருக்கே தெரியாமல். பெற்றோலிலும், பிரேக் ஷூவிலும், கிளட்ச் பிளேட்டிலும், வெறுங்கையோடு திரும்பும் நேரத்திலும் அது மெல்ல மெல்லக் கழியும். மலையகத்தில் டெலிவரி செயலி என்று பேசும்போது எனக்குப் பெரிய கவலை இதுதான்.

வெளியே அடிக்கும் காற்று

வேகமாக வளரும் சந்தைகளில் கடந்த சில வருடங்களாக நடப்பவற்றைப் பார்த்தால், இலவசங்களின் காலம் முடிந்துவிட்டது தெரியும். 2010களில் கம்பனிகள் நஷ்டத்தைப் பற்றிக் கவலைப்படாமல் தள்ளுபடியை அள்ளிவீசி ஆட்களைச் சேர்த்தன. வட்டி வீதங்கள் ஏறியதும் முதலீட்டாளர்கள் இலாபம் எங்கே என்று கேட்கத் தொடங்கினார்கள். முடியாதவர்கள் வெளியேறினார்கள். ஊபர் ஈட்ஸ் 2020 ஜனவரியில் தன் இந்தியத் தொழிலை ஸொமாட்டோவுக்கு விற்றது. ஆபிரிக்காவில் ஜூமியா தன் சாப்பாட்டு டெலிவரியை 2023 கடைசியோடு ஏழு நாடுகளில் நிறுத்தியது. அதே டிசம்பரில் பேமின் வியட்நாமைவிட்டுப் போனது. 2025 மே மாதம் ஃபூட்பண்டா தாய்லாந்தைவிட்டுப் போனது. பெரும்பாலான நாடுகளில் கடைசியில் நிற்பது இரண்டு கம்பனிகள்தான். மூன்றாவதுக்கு இடம் கிடைப்பதில்லை.

நின்றவர்கள் சில்லறையாகக் காசு சேர்க்கக் கற்றுக்கொண்டார்கள். ஸொமாட்டோ 2023 ஆகஸ்டில் ஓர்டருக்கு 2 இந்திய ரூபா என்று தொடங்கிய பிளாட்ஃபோர்ம் கட்டணம் 2025 செப்டெம்பரில் 12 ரூபாவாகிவிட்டது. சாப்பாட்டிலிருந்து மளிகைக்கும் நகர்ந்தார்கள். கிரோஃபர்ஸ் என்று இருந்து பிளிங்கிட்டாக மாறிய கம்பனியை ஸொமாட்டோ 2022இல் வாங்கியது. ஸெப்டோ 2021இல் வந்தது. பத்து நிமிடத்தில் பொருள் தருவதாகச் சொல்லும் இந்தக் கம்பனிகளின் இரகசியம் வேகமான மோட்டார் சைக்கிள் அல்ல. ஆட்கள் நெருக்கமாக வாழும் இடத்துக்கு ஒன்றிரண்டு கிலோமீற்றருக்குள்ளே, வாடிக்கையாளர் யாரும் உள்ளே வராத சிறு களஞ்சியங்களை வைத்திருக்கிறார்கள். பொருள் ஏற்கனவே பக்கத்தில் இருக்கிறது. இதுவும் நெருக்கத்தின் விளையாட்டுதான்.

பெருநகரங்கள் நிரம்பிவிட்டதால் எல்லோருடைய கண்ணும் இப்போது இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை ஊர்களின் பக்கம். அங்கே கடை வாடகை குறைவு, போட்டி குறைவு, ரைடர் கிடைப்பது சுலபம். ஓர்டரின் பெறுமதியும் குறைவு. நம்முடைய கண்டியும், அதற்கு மேலே உள்ள ஊர்களும் இந்தப் பார்வையில்தான் விழுகின்றன.

இலங்கையின் கதை

உள்ளூர்ச் செயலியான பிக்மீயும் ஊபரும் 2015இல் இங்கே வாடகை வாகனங்களோடு வந்தன. ஊபர் ஈட்ஸ் 2018இல் சாப்பாட்டை எடுத்தது. பிக்மீயும் அதே வழியில் இறங்கியது. பிக்மீயின் தாய்க் கம்பனி 2024இல் கொழும்புப் பங்குச் சந்தைக்கு வந்தது. ஒன்லைன் கடையான தராஸ் 2018இல் அலிபாபாவின் கைக்குப் போனது. இது மேலோட்டமான வரலாறு. செயலிகளைப் பழக்கமாக்கியது விளம்பரத்தைவிட இரண்டு நெருக்கடிகள் என்பதே என் கணிப்பு.

முதலாவது, 2020 மார்ச் 20 தொடங்கிய ஊரடங்கு. நகரத்தில் இருந்தவர்கள் வீட்டுக்குள் இருந்துகொண்டு செயலியில் அரிசி, பருப்பு எடுத்தார்கள். தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் வேலை நிற்கவில்லை. ஆனால் டவுனுக்குப் போக பஸ் இல்லை. ஒரே நாட்டில் ஒரே ஊரடங்கு, இரண்டு விதமான அனுபவம். இரண்டாவது, 2022இன் எரிபொருள் பஞ்சம். அந்த ஜூனில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறியது. ஜூலையில் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், ஆட்டோவுக்கு 5 லீற்றர் என்று அளந்து கொடுத்தார்கள். சமதரையில் ஓடுபவருக்கும் கினிகத்தேனை ஏற்றத்தில் ஓடுபவருக்கும் ஒரே அளவு. 2023 செப்டெம்பரில் அந்த முறை நிறுத்தப்பட்டது. ஆனால் தூரத்தை மட்டும் பார்த்து மேட்டைப் பார்க்காத கணக்கு எப்படி இருக்கும் என்று அந்த ஒரு வருடம் மலையகத்து ஓட்டுநர்களுக்குக் காட்டிவிட்டது.

கண்டி நகரத்தில் இரண்டு பெரிய செயலிகளும் ஓடுகின்றன. பல்கலைக்கழகம், வைத்தியசாலைகள், அலுவலகங்கள், தரிசனத்துக்கு வரும் கூட்டம் என்று நெருக்கத்துக்குத் தேவையான எல்லாம் அங்கே இருக்கிறது. அதற்குமேல் ஏற ஏற, செயலிகளுக்கு முதல் வாடிக்கையாளர்கள் உள்ளூர்க்காரர்கள் இல்லை; கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ போனில் செயலியோடு வருகிறவர்கள். ஏப்ரலில் நுவரெலியா சீசன், டிசம்பர் போயாவிலிருந்து (பௌர்ணமியிலிருந்து) வெசாக் வரை சிவனொளிபாதமலை, வருடம் முழுக்க எல்ல. அந்தக் கூட்டத்தை நம்பி வந்த செயலிக்கு, சீசன் முடிந்ததும் ஓர்டர் குறைந்துவிடும். ஸ்டாண்டில் வரிசை போட்டு நிற்கும் ஆட்டோக்காரர்களுக்கும் செயலியில் ஓடுபவர்களுக்கும் சுற்றுலா ஊர்களில் தகராறு வருவதற்கும் இதுதான் அடி. உள்ளூர் ஆட்டோக்காரர் வருடம் முழுக்கக் காத்திருந்து பிழைப்பது அந்தச் சில மாதங்களை நம்பித்தான். அந்த மாதங்களில் மட்டும் வெளியிலிருந்து வந்து குறைந்த விலைக்கு ஓடினால் கோபம் வராமல் என்ன செய்யும்?

முகவரி என்ற பெரிய பள்ளம்

டவுனைத் தாண்டித் தோட்டத்துக்குள் இறங்கினால் முதல் தடை சரிவு இல்லை, முகவரி. தோட்டத்தில் வாழ்கிறவர்களில் பெரும்பாலானோருக்குத் தனி வீட்டு முகவரி இருந்ததில்லை. தோட்டத்தின் பெயர், டிவிஷன், அப்புறம் ஊர். கடிதங்கள் மொத்தமாகத் தோட்ட அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்தால் உண்டு. நேர்முகத் தேர்வுக்கான கடிதம் திகதி கடந்தபிறகு கையில் கிடைத்த கதை மலையகத்தில் பல வீடுகளில் இருக்கிறது. அடகுச் சீட்டுக் கடிதமும் பரீட்சைப் பெறுபேறும் ஒரே மேசையில் கிடந்து, யார் யாரோ பார்த்துவிட்டு வரும் நிலையில் அந்தரங்கம் என்பதும் கிடையாது. டெலிவரி செயலியின் வரைபடத்தில் இந்த நிலை அப்படியே பதிந்திருக்கிறது. தோட்டத்தின் பெயருக்கு ஒரே ஒரு புள்ளி. அதுவும் பெரும்பாலும் தொழிற்சாலைக்கோ துரையின் பங்களாவுக்கோ பக்கத்தில். நான்கு டிவிஷன், நாற்பது லயம் எல்லாம் அந்த ஒரு புள்ளிக்குள் அடக்கம்.

இதற்குத் தொழில்நுட்பத் தீர்வுகள் உண்டு. கூகுளின் பிளஸ் கோட் 2015இலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. கொல்கத்தாவின் குடிசைப் பகுதிகளில் வீடுகளுக்கு அந்தக் குறியீட்டை ஒட்டி முகவரி கொடுத்திருக்கிறார்கள். இந்தியத் தபால் திணைக்களம் 2025இல் டிஜிபின் என்ற முறையைக் கொண்டுவந்தது. நாட்டை ஏறக்குறைய 4 மீற்றருக்கு 4 மீற்றர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்துக் குறியீடு. கேட்க நன்றாக இருக்கிறது. லயத்தில் அது எப்படி வேலைசெய்யும்? பழைய லயக் காம்பரா (அறை) 10 அடிக்கு 12 அடி. ஒரு கட்டத்துக்கு ஏறக்குறைய ஒரு காம்பரா. ஆனால் திறந்த வெளியில்கூட போனின் ஜிபிஎஸ் சில மீற்றர் பிசகும். மலையிடுக்கிலும் மரங்களுக்கு அடியிலும் இன்னும் கூடும். வரிசையில் பத்து காம்பரா இருந்தால் எது எவருடையது என்று ஜிபிஎஸ் சொல்லாது. அதனால் குறியீடு லயம்வரை கொண்டுபோகும். அதற்குமேல் கதவில் ஓர் இலக்கம் வேண்டும். அந்த இலக்கத்தைப் போடுவது செயலியின் வேலை இல்லை. பிரதேச சபையும் கிராம சேவகரும் தபால் திணைக்களமும் சேர்ந்து செய்யவேண்டிய வேலை. இந்திய வீட்டுத் திட்டத்திலும் மற்றத் திட்டங்களிலும் தனி வீடு கிடைத்த குடும்பங்களுக்கு ஏழு பேர்ச் காணியோடு இந்த இலக்கமும் கையோடு கிடைத்திருக்கவேண்டும்.

வீதி விடயமும் இதோடு ஒட்டியது. தோட்டத்துக்குள் இருக்கும் வீதி நீண்டகாலம் உள்ளூராட்சியின் கணக்கிலேயே இல்லை. பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணத்தைச் செலவழிக்கத் தடையாக இருந்தது. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். அதுவரை, தேயிலை லொறி போகிற வீதியைத் தோட்டம் பார்த்துக்கொண்டது, லயத்துக்குப் போகிற பாதையை யாரும் பார்க்கவில்லை. அதனால்தான் இன்றும் பல லயங்களுக்கு ஆட்டோ கடைசி அரைக் கிலோமீற்றரை ஏறாது. பார்சலைத் தோளில் வைத்து நடக்கவேண்டும். டெலிவரித் தொழிலில் கடைசி மைல் என்று பேசுவார்கள். இங்கே அது கல்லும் சேறும் நிறைந்த படிக்கட்டு. அதை ஏறுவதற்கு எந்தச் செயலியிலும் கட்டணம் கிடையாது.

ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் டெலிவரி

இதையெல்லாம் சொன்னால், மலையகத்தில் வீட்டுக்குப் பொருள் வருவதே இல்லை என்று தோன்றலாம். அது சரியில்லை. பொருள் எப்போதும் வந்துகொண்டுதான் இருந்தது, செயலி இல்லாமல். பாட்டுப் போட்டுக்கொண்டு லயத்துக்கு வரும் பாண் ஆட்டோ. பெட்டியில் ஐஸ் போட்டு மீன் கொண்டுவரும் மோட்டார் சைக்கிள். துணி மூட்டையோடு வந்து தவணைக்குக் கொடுத்துவிட்டுச் சம்பளத்துக்கு மறுநாள் வசூலிக்க வருபவர். கொழும்பிலிருந்து மருந்தோ போனோ அனுப்ப, புறக்கோட்டையில் பஸ் கண்டக்டரிடம் காசு கொடுத்து ஏற்றிவிட்டு, ‘இத்தனை மணிக்கு ஹட்டனில் நில்லுங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் சொல்வது. இந்த பஸ் பார்சலுக்கு ரசீதோ காப்புறுதியோ கிடையாது. ஆனால் பெரும்பாலும் வந்து சேரும், அன்றே வந்து சேரும்.

அதற்கு மேலே இப்போது பேஸ்புக் பக்கங்களும் வாட்ஸ்அப் குழுக்களும் வந்திருக்கின்றன. சுடிதார், கைக்கடிகாரம், பிளெண்டர், முகத்துக்குப் பூசும் கிரீம் எல்லாம் படத்தோடு வரும். வாங்குபவர் எழுதுவதைவிடக் குரல்பதிவு அனுப்புவதே அதிகம்: ‘அக்கா, அந்தப் பச்சைக் கலர் இருக்கா, பத்தாந் திகதிக்குப் பிறகு அனுப்ப முடியுமா?’ இந்த ஒரு வரியில் மலையகச் சந்தையின் பெரிய உண்மை இருக்கிறது. தோட்டச் சம்பளம் மாதத்தின் பத்தாம் திகதியை ஒட்டி வருகிறது. அந்த ஒரு வாரம் காசு புழங்கும். மாதக் கடைசியில் கடைக் கடன் கொப்பியில்தான் ஓடும். தீபாவளி முற்பணம் வரும்போது ஓர் அலை, தைப்பொங்கலுக்கு ஓர் அலை. நகரத்துச் செயலிகள் வெள்ளி, சனி இரவு என்று வாரக் கணக்கில் திட்டம் போடுகின்றன. தோட்டத்தில் அது மாதக் கணக்கு.

காசு கொடுக்கும் முறையும் அப்படித்தான். டயலொக்கின் ஈஸி காஷ் 2012இல் வந்ததிலிருந்து போனில் பணம் அனுப்புவது மலையகத்துக்குப் புதிதில்லை. கொழும்பில் உழைப்பவர்கள் வீட்டுக்கு அனுப்பும் வழிகளில் அது ஒன்று. டவுன் கடைகளில் போனால் காசு கட்டும் லங்கா கியூஆர் குறியீடு ஒட்டியிருக்கிறது. ஆனால் முன்பின் தெரியாத ஒருவரிடம் பொருள் வாங்கும்போது, பெட்டியைக் கையில் வாங்கிய பிறகுதான் காசு. கூரியர் கம்பனிகளும் அதற்குப் பழகிவிட்டன. இதில் விற்பவருக்கு நஷ்டம் அதிகம். பார்சல் போகும் நாளில் வீட்டில் ஆள் கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருப்பார், போன் சிக்னல் இருக்காது, பார்சல் திரும்பிவிடும். போக ஒரு கட்டணம், திரும்ப ஒரு கட்டணம். மலையகத்தில் வீட்டிலிருந்து கேக்கும் சட்டையும் விற்கும் பெண்கள் பலரைத் தோட்ட முகவரிகளுக்கு முன்பணம் கேட்க வைத்திருப்பது இதுதான். அதில் அவநம்பிக்கை என்று எதுவும் இல்லை, கையைச் சுட்ட கணக்குதான்.

எந்த வடிவம் பொருந்தும்?

பத்து நிமிட டெலிவரி மலைக்கு வராது, வரவும் தேவையில்லை. தோட்டத்துக்குப் பொருந்தக்கூடிய போக்கு சீனாவில் 2020 அளவில் பெரிதாக வளர்ந்த கூட்டுக் கொள்வனவு. ஒரு குடியிருப்பில் இருப்பவர்கள் இன்று செயலியில் தங்கள் ஓர்டர்களைப் போடுவார்கள். எல்லாம் சேர்ந்து மறுநாள் ஒரே லொறியில் ஒரே இடத்துக்கு வரும். அங்கே ஒரு கடைக்காரரோ குடியிருப்பாளரோ அதைப் பிரித்துக் கொடுத்துத் தரகு வாங்குவார். வீடு வீடாகப் போகவேண்டியதில்லை. பிண்டுவோடுவோ, மெய்துவான் என்ற அங்குள்ள பெரிய செயலிக் கம்பனிகள் இதில் கோடி கோடியாகக் கொட்டின. மெய்துவான் 2025இல் பெரும்பாலான பகுதிகளில் அதை நிறுத்திவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். அங்கே நகரவாசிக்கு அரை மணித்தியாலத்தில் வீட்டுக்கே கொண்டுவரும் போட்டியாளர்கள் இருந்தார்கள். காத்திருக்கக் காரணம் இல்லாமல் போனது. தோட்டத்தில் அந்தப் போட்டி இல்லை.

லயத்தில் இதை யோசித்துப் பாருங்கள். நாற்பது வீட்டு ஓர்டர் ஒரே ஆட்டோவில் வந்தால், முன்பு பார்த்த அந்த 600 ரூபா ஏற்றச் செலவு வீட்டுக்கு 15 ரூபாவாகிவிடும். மலையிலிருந்து ஆட்கள் இறங்கும் மாலை நேரத்துக்கு டிவிஷனில் உள்ள சிறு கடையில் பார்சல் இருந்தால் போதும். அந்தக் கடைக்காரருக்கு யாருக்குப் பத்தாம் திகதிவரை பொறுக்கவேண்டும் என்பது தெரியும். எந்தச் செயலியின் கடன் மதிப்பீட்டைவிடவும் அது நம்பகமானது. சரி, அவர் அதே அறிவை வைத்து ஒரு குடும்பத்தைக் கடனில் கட்டிப்போடவும் முடியும். தோட்டக் கடையின் பழைய கொப்பி வரலாற்றில் அதுவும் நடந்திருக்கிறது. அதனால் ஒரு டிவிஷனுக்கு ஒருவர்தான் என்று ஏகபோகம் கொடுத்துவிடக்கூடாது. இளைஞர் மன்றமோ மாதர் சங்கமோகூட இதை எடுத்து நடத்தலாம். நாடெங்கும் சுமார் 4000 தபால் அலுவலகங்களும் உப தபால் அலுவலகங்களும் இருக்கின்றன. மலையகத்துச் சிறு டவுன்களிலும் அவை உண்டு. கடிதம் குறைந்துபோன காலத்தில் பார்சல் வாங்கிக் கொடுக்கும் இடமாக அவற்றை மாற்றுவதற்குப் புதிய கட்டடம் எதுவும் வேண்டாம்.

திரும்பிப் போகும் ஆட்டோ வெறுமையாகப் போகக்கூடாது என்பதும் முக்கியம். கரட், லீக்ஸ், பீட்ரூட், உருளைக்கிழங்கு இங்கேதான் விளைகின்றன. லயத்துக்குப் பக்கத்தில் சிறு தோட்டம் போடுகிறவர்களின் மரக்கறி இடைத்தரகர் விலைக்குப் போய், தம்புள்ளைக்கு இறங்கி, சில வேளை கண்டிக் கடைக்கே திரும்பி ஏறி வருகிறது. மேலே பொருள் கொண்டுவரும் வண்டியே கீழே மரக்கறியை இறக்கினால் ஏற்றச் செலவை இரண்டு பக்கமும் பகிர்ந்துகொள்ளும். டெலிவரி செயலிகளைப் பற்றிய பேச்செல்லாம் வாங்குவதைப் பற்றியே இருக்கிறது. மலையகத்துக்கு விற்கவும் நிறைய இருக்கிறது.

மின்சார வாகனத்தையும் இங்கே சொல்லாமல் விடமுடியாது. ஏற்றத்தில் பெற்றோல் எஞ்சின் குடிப்பது அதிகம், இறக்கத்தில் பிரேக் தேய்வது அதிகம். மின் மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு இழுவை கொடுக்கும். இறங்கும்போது கொஞ்சம் மின்சாரத்தை பற்றரிக்குத் திருப்பியும் விடும். லக்சபானவும் மேல் கொத்மலையும் மலையகத்துத் தண்ணீரில்தான் சுழல்கின்றன. சமதரைக்கு முன்னால் மலைக்குப் பொருந்தக்கூடிய வாகனம் இது. விலையும் பற்றரி மாற்றும் இடங்களும்தான் தடை. தோட்டத்துத் தொழிற்சாலை வாசலில் ஒரு சார்ஜிங் இடம் வைக்கத் தோட்டக் கம்பனிகளை ஏன் கேட்கக்கூடாது?

வானிலையும் இந்தக் கணக்கில் வரவேண்டும். தென்மேற்குப் பருவமழையில் வட்டவளைப் பக்கம் நாள்கணக்கில் கொட்டும். வருட இறுதியில் பதுளைப் பக்கம். 2014 அக்டோபரில் மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களையே மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபோது, பாதிப்பின் பெரும்பகுதி மலைநாட்டில்தான் விழுந்தது. வீதியும் ரயில் பாதையும் சிக்னலும் ஒன்றாகப் போயின. பல இடங்களுக்கு உணவும் மருந்தும் தோளில்தான் போயின. மழை நாளில் கூடுதல் காசு காட்டி ரைடரை வெளியே இழுக்கும் ஊக்கத்தொகை முறை செயலிகளில் உண்டு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருக்கும் பிரிவில் அந்த ஊக்கத்தொகையை நிறுத்தி, ஓர்டரையும் மூடவேண்டும். இதில் பேரம் பேச எதுவும் இல்லை.

ரைடரின் கையில் என்ன மிஞ்சும்?

கொழுந்து பறித்த பாட்டிக்குக் கூலி குறைவுதான். ஆனால் 1958ஆம் வருடச் சட்டத்தின்கீழ் ஊழியர் சேமலாப நிதி இருந்தது. அவருடைய சம்பளத்தில் 8 சதவீதம், தோட்டத்தின் பங்கு 12 சதவீதம். அதற்குமேல் 3 சதவீதம் ஊழியர் நம்பிக்கை நிதி. மோட்டார் சைக்கிள் ஓட்டும் பேரனுக்கு இவை எதுவும் இல்லை. செயலியின் கணக்கில் அவன் தொழிலாளி கிடையாது, சொந்தமாகத் தொழில் செய்பவன். விழுந்து கால் முறிந்தால் மோட்டார் சைக்கிள் தவணை நிற்காது, வருமானம் நின்றுவிடும். மலையகம் இருநூறு வருடத்தில் வாங்கிய உரிமைகளில் ஒன்று, தொழிலாளி என்று அங்கீகரிக்கப்பட்டது. பேரன் தலைமுறையில் அது சத்தமில்லாமல் கைநழுவுகிறது என்பது எனக்கு மனதை அழுத்தும் விடயம்.

இதற்கு வழி தேடும் நாடுகள் உண்டு. ராஜஸ்தான் 2023இல் இத்தகைய தொழிலாளர்களுக்கென்று தனிச்சட்டம் இயற்றியது. தமிழ்நாடு அதே வருடம் நலவாரியம் அறிவித்தது. இந்தியாவின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி செயலிக் கம்பனிகள் வருடாந்த வருமானத்தில் 1 முதல் 2 சதவீதம் தொழிலாளர் நிதிக்குக் கொடுக்கவேண்டும். தோட்டத் தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சுவார்த்தையில் காட்டும் அக்கறையில் ஒரு பங்கை இந்தப் பிள்ளைகள் பக்கம் திருப்பினால் இங்கேயும் அப்படியொன்றைக் கேட்கமுடியும். அவர்கள் கொழும்பில் இருந்தாலும் வாக்கு இங்கேதான்.

ஆட்டோ ஸ்டாண்டுகளுக்கும் பெங்களூரில் ஒரு முன்மாதிரி இருக்கிறது. 2022இல் அங்கே ஆட்டோ ஓட்டுநர் சங்கத்தின் துணையோடு வந்த நம்ம யாத்ரி செயலி தரகு எடுப்பதில்லை. ஓட்டுநர் நாளுக்கு ஒரு சிறு தொகை கட்டுவார். பயணத்தின் காசு முழுவதும் அவருக்கே. 2025இல் ஊபரே இந்தியாவில் ஆட்டோக்களுக்கு இந்த முறைக்கு மாறியது. ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஸ்டாண்டில் நிற்கும் ஓட்டுநர்களுக்கு, வெளியிலிருந்து ஒரு செயலி வந்து தங்களைத் தள்ளும்வரை காத்திருக்காமல் இப்படியொன்றைத் தாங்களே நடத்த முடியும். விலை நிர்ணயம்கூட அவர்களுக்குப் புதிய வேலை இல்லை. எந்த டிவிஷனுக்கு எவ்வளவு என்று அந்த ஸ்டாண்டில் யாரைக் கேட்டாலும் உடனே சொல்வார்கள். அந்த விலையில் மேடு இருக்கிறது, கல் ரோட்டு இருக்கிறது, மழை நாள் இருக்கிறது, வெறும் ஆட்டோவோடு திரும்பி வருவதும் இருக்கிறது. மலையகத்துக்கு வர நினைக்கும் செயலி எதுவாக இருந்தாலும், கிலோமீற்றர் கணக்கைத் தூக்கிக்கொண்டு வரும் முன் அந்த விலைப் பட்டியலை எழுதி வாங்கிக்கொண்டு தொடங்கட்டும்.